சின்ன டேங்க்கும் பெரிய டேங்க்கும்

ஜன்னல் சீட்ட நீங்களே வச்சுக்கங்க சார். நான் ஆயுசு பூரா முன்கண்ணாடி வழியா ரோட்டப் பாத்தவன். சைடுல பாத்தா எனக்குத் தலை சுத்தும். அந்தப் பேக்க மட்டும் கொஞ்சம் மடியில தூக்கி வச்சுக்கங்க, கால் நீட்ட முடியல. மருந்துக் கம்பெனி பேக்கா? ரெப்பு சாரா நீங்க? அடடே. அப்ப தெனம் டாக்டருங்க கூடத்தான் பேச்சு. நல்லதாப் போச்சு. உங்களுக்கு ஒரு விசயம் சொன்னா சட்டுனு புரியும். மத்தவங்களுக்கு என்ன சொன்னாலும் ஏற மாட்டேங்குது.

பாருங்க, பாருங்க. முன்னாடி ஸ்பீடு பிரேக்கர் இருக்குறது இங்கருந்தே எனக்குத் தெரியுது. இன்னமும் மிதிக்கிறான் பாருங்க. மிதிச்சுட்டு அப்புறம் பிரேக்கு. அம்புட்டும் டீசலு சார். வீணா ஊத்துற டீசலு. நானும் கவர்ன்மென்ட் பஸ்தான் ஓட்டுனேன். போன வருசம்தான் ரிட்டயர் ஆனேன். சௌந்திரபாண்டின்னு திண்டுக்கல் பக்கம் எந்த டிரைவரக் கேட்டாலும் சொல்லுவான். என்னத்துக்குப் பேரு? டீசல் சிக்கனத்துக்கு. அதே வண்டி, அதே ரூட்டு, அதே கூட்டம். மத்தவன் ஓட்டுனா லிட்டருக்கு ஒரு அளவு, நான் ஓட்டுனா அதவிட ஒரு கிலோமீட்டர் கூட வரும். மேடையில கூப்புட்டு மாலை போட்டு செவுத்துக் கடிகாரம் கொடுத்தாங்க. அத எதுக்குச் சொல்றேன்னா, சிக்கனம்ங்கிறது எனக்கு ரத்தத்துலயே இருக்கு. வேற ஒண்ணுமில்ல.

எனக்கு ஒரே பொண்ணு சார். பாண்டிமீனா. மீனான்னு கூப்புடுவோம். அவளப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

ஸ்கூல்ல படிக்கிறப்பவே நல்லா ஓடுவா. பி.டி. வாத்தியார் கூப்புட்டுச் சொன்னாரு, சௌந்திரபாண்டி, உம்மக கிட்ட ஸ்பீடு இல்லய்யா, ஆனா நிக்காம ஓடுறா, தூரத்து ஓட்டத்துல விடுன்னு. நிக்காம ஓடுறான்னு சொன்னாரு பாருங்க, எனக்கு அப்பவே மயிர்க் கூச்செறிஞ்சிருச்சு. ஏன்னா நானும் அப்படித்தான். வேகமெல்லாம் கெடையாது. தூரம்.

அன்னையிலருந்து நானே கையில எடுத்தேன். காலையில டூட்டிக்கு முன்னாடி பைபாஸுக்குக் கூட்டிட்டுப் போவேன். அவ ஓடுவா, நான் டி.வி.எஸ். அம்பதுல பக்கத்துலயே வருவேன். நேரா நேரா பாரு தாயி, தோள எறக்கு தாயின்னு சொல்லிக்கிட்டே வருவேன். வீட்டுக்கு வந்தா அவ கால எம்மடியில வச்சு எண்ணெய் போட்டு உருவி விடுவேன். எந்த அப்பன் சார் செய்வான்? அவளும் அப்படித்தான். ஓடி முடிச்சதும் யாரையும் பாக்க மாட்டா. எம்மொகத்தத்தான் பாப்பா. நான் தலைய ஆட்டுனா அவளுக்குப் போதும். பத்தாயிரம் மீட்டர்ல ஜில்லாவுல ஜெயிச்சா. காலேஜுல கூப்புட்டு சீட்டு கொடுத்தாங்க. இன்னும் ரெண்டு மெடல் அடிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலை. எம்பொண்ணு காக்கி போட்டு நிக்கிறத நான் பாக்கணும்னு எனக்கு ஒரே ஆசை.

அப்பத்தான் காலேஜுல ஒரு கேம்ப் போட்டாங்க. வெளியூர்லருந்து ஒரு கோச்சு வந்தாரு. பெத்தவங்களும் வரலாம்னாங்க. மொத வரிசையில போய் உக்காந்தேன். அந்தாளு பேசுனது எனக்கு இன்னைக்கும் அப்படியே மனப்பாடம். என்ன சொன்னாரு தெரியுமா? மனுச உடம்புல ரெண்டு டேங்க் இருக்காம். ஒண்ணு சின்ன டேங்க்கு. நாம திங்கிற சோறு, இட்லி எல்லாம் சர்க்கரையாகி சதையிலயும் ஈரல்லயும் கொஞ்சமாத் தங்குமாம். அதான் சின்ன டேங்க்கு. வேகமா ஓடுனா அது சீக்கிரம் தீந்துரும். இன்னொண்ணு பெரிய டேங்க்கு. கொழுப்பு. ஒல்லியா இருக்குற ஆளுகிட்ட கூட நாள்கணக்குல ஓடுற அளவுக்கு அது இருக்குமாம். தீரவே தீராதாம்.

எனக்கு எப்படி இருந்துச்சுங்கிறீங்க? அடப்பாவி, இம்புட்டு பெரிய டேங்க்க பின்னாடி கட்டிக்கிட்டா நாம சின்ன டேங்க்குக்கு லைன்ல நின்னுக்கிட்டு இருக்கோம்!

அதுக்கு மேலயும் அவரு என்னென்னமோ சொன்னாரு. பெரிய டேங்க்குலருந்து மெதுவாத்தான் வரும், வேகத்துக்கு அது பத்தாது, மூளைக்கு சர்க்கரைதான் வேணும், அதுனால போட்டிக்கு மொத நாளு நல்லா சோறு சாப்புடணும், ஓடுறப்பவும் வாழைப்பழம், குளுக்கோஸ் எடுத்துக்கணும்னு. அதெல்லாம் பொதுவாச் சொல்றது சார். எல்லாருக்கும் சொல்றது. வண்டிக் கம்பெனிக்காரன் கூட புத்தகத்துல ஒரு மைலேஜ் போட்டிருப்பான். நான் அதுக்கு மேல எடுக்கலையா?

நான் வீட்டுக்கு வந்து யோசிச்சேன். சின்ன டேங்க்க ரொப்பிக்கிட்டே இருந்தா உடம்பு பெரிய டேங்க்கத் தொடவே தொடாது. கஞ்சப்பய மாதிரி அத பத்திரமா வச்சுக்கிரும். அப்ப என்ன செய்யணும்? சின்ன டேங்க்க காயப் போடணும். பழக்கணும். எடையும் கொறையும், இழுக்க வேண்டிய லோடும் கொறையும். சரிதானே? நீங்களே சொல்லுங்க.

சோத்த நிறுத்துனேன். ஒரேயடியா இல்ல. மொதல்ல ராத்திரி. அப்புறம் மத்தியானம் ஒரு கரண்டி. இட்லின்னா ஒண்ணு. மத்தபடி வெள்ளரிக்கா, கீரை, மோரு. அவளுக்குத் தொணையா நானும் ராத்திரிச் சோத்த விட்டேன் சார். வீட்ல தொடவே மாட்டேன். டூட்டியில கேன்டீன்ல திங்கிறது வேற, அது ஸ்டேரிங் பிடிக்கிறதுக்கு.

பலன் தெரியலையான்னா, தெரிஞ்சுச்சு. மூணு மாசத்துல ஆளு சிக்குனு ஆயிட்டா. நேரம் கொறைய ஆரம்பிச்சிருச்சு. ஸ்டேட் லெவல்ல மூணாவதா வந்தா. எம்புட்டுப் பேரு கை கொடுத்தாங்க தெரியுமா? அந்த பி.டி. வாத்தியாரே ஃபோன் போட்டு, எப்படிய்யா இப்படி எளைக்க வச்சன்னு கேட்டாரு. அப்ப நான் சொன்னது சரியா தப்பா? அதத்தான் எம்பொண்டாட்டிகிட்டயும் கேட்டேன். அவ பேரு இந்திராணி. அவ என்ன சொன்னா? மெடலு வந்துச்சு, சரி, மக எங்கங்க போனான்னு கேட்டா. இப்படித்தான் சார் அவ பேசுவா. எதையாவது கோணலா.

இப்ப ஒட்டன்சத்திரம் வந்துருச்சு பாருங்க. இங்க மார்க்கெட் நாத்தம் ஏறும். கண்ணாடியச் சாத்திக்கங்க.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். அப்புறம் சின்னச் சின்னதா வந்துச்சு. இவளுக்குக் குளிருதுன்னு ஆரம்பிச்சா. சித்திரை மாசம் சார், நாங்க வேர்த்து ஒழுகிக்கிட்டு இருக்கோம், இவ ஸ்வெட்டரு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. தலைய சீவுனா சீப்பு நெறைய முடி. படிக்கிறப்ப ஒரே வரிய திரும்பத் திரும்பப் படிக்கிறா. சிரிப்பு போச்சு. மின்னயெல்லாம் டி.வி. பாத்துக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிற பொண்ணு. வயசுக்கு வந்த பொண்ணு, பொறுப்பு வந்துருச்சுன்னு நெனச்சேன்.

ஒருநாள் மத்தியானம் டூட்டி மாத்தி சீக்கிரம் வந்துட்டேன். வீட்ல சத்தமே இல்ல. உள்ள போய்ப் பாத்தா, கட்டிலுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்கும், பூனை போற இடுக்கு. அதுக்குள்ள உக்காந்திருக்கா. மடியில வெல்லச் சட்டி. கையால கிள்ளிக்கூட திங்கல சார், கட்டியா வாயில வச்சு நக்கிக்கிட்டிருக்கா. என்னப் பாத்ததும் வாயில இருந்தத எடுத்து சட்டியில போட்டுட்டா. அப்படியே உக்காந்திருக்கா. வெளிய வரவும் தெரியல, உள்ள போகவும் எடமில்ல.

நான் அடிக்கல. எம்பொண்ணு மேல நான் கைநீட்டுனதே கெடையாது. பக்கத்துல உக்காந்து, ஏந்தாயி, நம்ம இம்புட்டு நாள் பழக்குனதெல்லாம் போச்சேன்னுதான் சொன்னேன். அவ மன்னிச்சுக்கப்பா, மன்னிச்சுக்கப்பான்னு அழுகுறா. எனக்கே சங்கடமாப் போச்சு. பாவம், ஆசையக் கண்ணுல காட்டுனா பச்சப்புள்ள என்ன செய்யும்? தப்பு நம்மமேலன்னு மளிகைச் சாமான் அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். அவ நல்லதுக்குத்தான். அவளுக்கே அது நிம்மதியாத்தான் இருந்திருக்கும்.

அதுக்கு இந்திராணி ஆடுன ஆட்டம் இருக்கே! எம்மக திங்காத சோத்த நான் எப்படித் திங்கிறதுன்னு அவளும் நிறுத்திட்டா. கோவத்துலதான். ஆனா பாருங்க, அவளுக்கு சர்க்கரை இருந்துச்சு, அது தன்னால கொறைஞ்சிருச்சு. ஒரு வகையில நல்லதுதான். அதச் சொன்னேன். ஒரு வாரம் எங்கிட்டப் பேசல.

பேசுனப்ப என்ன பேசுனான்னா, ஏங்க, உங்ககிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அவ மாசம் ஒதுங்குறதே நின்னு போச்சுன்னா. ரொம்ப மாசமாவாம். பொண்ணப் பெத்தவன் மொதல்ல என்ன நெனப்பான்? நானும் அதத்தான் நெனச்சேன். ச்சே, அப்படியெல்லாம் இல்ல. எம்பொண்ணு தங்கம். ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு ஒரு லேடி டாக்டர்கிட்டப் போனேன்.

நீ என்னம்மா சாப்புடுறன்னு அந்தம்மா கேட்டாங்க. மீனா எம்மொகத்தப் பாத்தா. நான்தான் எல்லாம் சொன்னேன், ரெண்டு டேங்க் விசயத்துலருந்து. அந்தம்மா பேனாவக் கீழ வச்சுட்டாங்க.

"வீட்ல கரண்டு பத்தலேன்னா என்ன பண்ணுவீங்க? மோட்டார நிறுத்துவீங்க, ஃப்ரிட்ஜ நிறுத்துவீங்க. ஒரே ஒரு லைட்ட மட்டும் எரிய விடுவீங்க. இந்தப் பொண்ணு உடம்பு அதத்தான் பண்ணிக்கிட்டிருக்கு. ஓடுறதுக்கே பத்தல, அதுனால மத்ததெல்லாத்தையும் நிறுத்திக்கிட்டே வருது. மாசவிலக்க நிறுத்திருச்சு. சூட்டக் கொறைச்சிருச்சு. இனி எலும்புலதான் கை வைக்கும். வச்சிருச்சோ என்னமோ."

நான் கேட்டேன், "அப்ப உடம்பு தானாவே சிக்கனம் பண்ண ஆரம்பிச்சிருச்சுங்களா டாக்டரு?"

அந்தம்மா கண்ணாடியக் கழட்டி என்னையே பாத்தாங்க. நான் அப்படிக் கேப்பேன்னு எதிர்பாக்கல போல. அப்புறம் மாத்திரை எழுதி, ஓட்டத்த நிறுத்துங்க, சோறு போடுங்கன்னாங்க. எல்லா டாக்டரும் அதானே சார் சொல்லுவாங்க? உக்காந்த எடத்துல இருக்குறவங்களுக்கு ஓடுறதப் பத்தி என்ன தெரியும்? தப்பா நெனச்சுக்காதீங்க, உங்களுக்கு வேண்டப்பட்டவங்க. மதுரையில ஹாஃப் மாரத்தான் வரப் போகுது. அதுல ஜெயிச்சா வேலை உறுதின்னு காலேஜுல சொல்லிட்டாங்க. இந்த நேரத்துல போயி நிறுத்துன்னா?

அது முடியட்டும், அப்புறம் நல்லா சாப்புடலாம் தாயின்னு சொன்னேன். சரிப்பான்னா. கணுக்காலுக்கு மேல வலிக்குதுப்பான்னா. எண்ணெய் போட்டு உருவி விட்டேன். தொட்டாலே காலை இழுத்துக்கிட்டா. போட்டி நெருங்குதுல்ல, பயம். எல்லாருக்கும் வர்றதுதான்.

நீங்க தண்ணி குடிக்கிறீங்களா? எங்கிட்ட இருக்கு. சரி சரி.

அந்த நாளு. மதுரைக்கு வெளிய ரிங் ரோட்டுல வச்சாங்க. ஏகப்பட்ட கூட்டம். பொம்பளைகளே எக்கச்சக்கம். பாதிப் பேரு சும்மா ஆசைக்கு ஓட வந்தவங்க. குண்டு குண்டா, பேன்ட்டு போட்டுக்கிட்டு, ஃபோட்டோ எடுத்துக்கிட்டு. இதெல்லாம் ஓடுதே, நம்ம புள்ளைக்கு என்னன்னு நெனச்சேன். போறதும் வாரதும் ஒரே ரோடு. நான் வண்டிய எடுத்துக்கிட்டு சர்வீஸ் ரோட்டு வழியா முன்னாடி போயி, திரும்பி வர்ற பக்கம் தண்ணி மேசை வச்சிருந்த எடத்துக்கு எதுத்தாப்புல நின்னேன்.

வந்தா சார். பொம்பளைகள்ல மொத ஆளா வந்தா. அவ பின்னாடி ஒருத்தரயும் காணோம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. மொகம் மட்டும் வெள்ளக் காகிதம் மாதிரி இருந்துச்சு. மேசையில வாழைப்பழத்த வெட்டி நீட்டிக்கிட்டு நின்னாங்க பசங்க. இவ கைய நீட்டிட்டா. விரலு பழத்துல படுது. அப்பத்தான் எதுத்தாப்புல நான் நிக்கிறதப் பாத்தா. பாத்துட்டு கைய இழுத்துக்கிட்டா சார்! அப்படியே இழுத்துக்கிட்டு ஓடிட்டா! நான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. அதுக்குப் பேருதான் கட்டுப்பாடு. எத்தன கோச்சு வச்சாலும் அந்தக் கட்டுப்பாட்டக் கொண்டு வர முடியுமா?

அங்கருந்து கொஞ்ச தூரம்தான். நான் வண்டிய உருட்டிக்கிட்டே கூட வந்தேன். திடீர்னு கோணலா ஓட ஆரம்பிச்சா. ரோட்டுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம். அப்புறம் நின்னா. திரும்பி வந்த வழியவே ஓட ஆரம்பிச்சுட்டா. அது அந்தப் பக்கம் இல்ல தாயி, இந்தப் பக்கம்னு கத்துனேன். வண்டியப் போட்டுட்டு ஓடுனேன். அவ நடுரோட்டுல உக்காந்துட்டா. கண்ணு தொறந்திருக்கு, என்னப் பாக்குது, ஆனா நான்னு தெரிஞ்சுச்சான்னு தெரியல. என்ன சொன்னா தெரியுமா? சின்னப்புள்ள கொரல்ல, "அப்பா, அந்தப் பழத்தத் தின்னுக்கிறவா? கொஞ்சூண்டு தின்னுக்கிறவாப்பா?"ன்னா.

இன்னும் கொஞ்ச தூரம்தான் சார் இருந்துச்சு. வளைவு தாண்டுனா பந்தலு தெரியும். நான் என்ன சொல்லுவேன்? முடிச்சுட்டுத் தின்னலாம் தாயி, எந்திரி, இந்தா வந்துருச்சுன்னேன். எந்திரிச்சா. நான் சொன்னா அவ எந்திரிப்பா. ரெண்டு எட்டு வச்சா. ஏதோ குச்சி முறியிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. அப்புறம் விழுந்துட்டா.

அப்பத்தான் ஒரு பொம்பள வர்றா. நான் சொல்ல வந்ததே இவளப் பத்தித்தான். எனக்கு வயித்தெரிச்சலே இவ மேலதான். நல்லா பூசணிக்கா மாதிரி, அம்பது வயசு இருக்கும், மூஞ்சி செவந்து, எதிர்ப் பக்கம் மெதுவா ஓடிக்கிட்டிருந்தவ. அப்படியே குறுக்க வந்து ரோட்டுல சம்மணம் போட்டு உக்காந்துட்டா. எம்மக தலைய எடுத்து மடியில வச்சுக்கிட்டா. இடுப்புப் பையிலருந்து பேரீச்சம்பழத்த எடுத்து, வாயில கடிச்சு மெதுவாக்கி, அவ வாயில வைக்கிறா. நான் போயி, அம்மா, தொடாதீங்க, வெளி ஆளு கை பட்டா போட்டியிலருந்து எடுத்துருவாங்கன்னு கெஞ்சுறேன். அந்தம்மா என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. முழுங்கு சாமி, முழுங்குன்னு எம்மகளுக்குச் சொல்றா. குளுக்கோஸ் தண்ணி கொடுக்குறா. நான் மறுபடி கத்துனேன். அப்பத்தான் நிமிந்து பாத்தா.

"நீங்க யாரு இவளுக்கு?"

"அவ அப்பன்."

"அப்படியா"ன்னா. அவ்வளவுதான். அந்த ஒத்த வார்த்தைய அவ சொன்ன விதம் இருக்கே, இன்னைக்கு வரைக்கும் எனக்கு அதச் செமிக்க முடியல.

ஆம்புலன்ஸ் வந்துச்சு. காலு முறிஞ்சிருச்சுன்னாங்க. கீழ விழுந்ததுல முறியல, முறிஞ்சதுனாலதான் விழுந்துருக்கா, மொதல்லயே கீறல் விட்டிருக்குன்னாங்க. நான் இன்னமும் சொல்றேன், அந்தம்மா மட்டும் குறுக்க வராம இருந்திருந்தா, தவழ்ந்தாவது எம்பொண்ணு அந்தக் கோட்டத் தொட்டிருப்பா. அந்த வைராக்கியம் அவகிட்ட இருந்துச்சு. பேரீச்சம்பழம் வந்து கெடுத்துருச்சு.

அதோட விட்டாளா அந்தம்மா? பேரு பிலோமினாவாம். ஏதோ தாலுகா ஆபீஸ்ல கிளார்க்காம். மறுநாளு ஆசுபத்திரிக்கே வந்துட்டா, தூக்குச்சட்டியோட. குழம்பு, முட்டை, கொழையக் கொழைய சோறு. மீனா தின்னா சார். நான் அப்படி ஒருத்தரு திங்கிறத பாத்ததில்ல. கண்ணுல தண்ணி ஊத்துது, தொடைக்காம தின்னுக்கிட்டே இருக்கா. கட்டில் பக்கத்துல இந்திராணியும் மூடியில போட்டுத் திங்கிறா. ரெண்டும் அழுதுக்கிட்டே திங்குதுக. நீங்களும் வாங்கண்ணே, இருக்குன்னா அந்தம்மா. எனக்கு வேண்டாம்னு வெளிய வந்துட்டேன்.

டிஸ்சார்ஜ் பண்ற அன்னைக்கு ஆட்டோ கூப்புட்டு நிக்கிறேன். இந்திராணி, நாங்க எங்கண்ணன் வீட்டுக்குப் போறோம்னா. உடுமலையில அவ அண்ணன் இருக்காரு. எத்தன நாளைக்குன்னேன். பைய எடுத்து ஆட்டோவுல வச்சா. நான் மீனாகிட்டக் கேட்டேன். நீ சொல்லு தாயி, அப்பா உனக்கு என்ன கொறை வச்சேன்? கட்டுப் போட்ட கால நீட்டிக்கிட்டு ஆட்டோவுல உக்காந்திருந்தா. சொன்னா.

"எனக்குப் பசிக்குதுப்பா."

அவ்வளவுதான். பசிக்குதுன்னா சொல்லிருக்கலாம்ல சார்? எதுத்தாப்புலயே பேக்கரி இருந்துச்சு, பன்னு வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேனா? அதுக்கு ஊரையே விட்டுப் போகணுமா? ஆட்டோ கெளம்பிருச்சு.

அது ஆச்சு ஒரு வருசத்துக்கு மேல. காலு சேந்துருச்சு. மாசவிலக்கும் சரியா வருதாம், இந்திராணியோட அண்ணி சொல்லுச்சு. டாக்டருங்க ஓடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப சாயந்திரம் கெரவுண்டுல கொஞ்சம் ஓடுறாளாம். சும்மா. நேரம் பாக்குறதில்லையாம். கூட ரெண்டு சிநேகிதிக, பேசிக்கிட்டே ஓடுதுகளாம். நேரம் பாக்காம ஓடுறதுக்குப் பேரு ஓட்டமா சார்? நீங்களே சொல்லுங்க. இன்னமும் வயசு இருக்கு. நான் ஒரு ஆறு மாசம் கையில எடுத்தாப் போதும், பழைய நேரத்துக்குக் கொண்டு வந்துருவேன். தெனம் அதத்தான் யோசிக்கிறேன். வீட்ல வேற என்ன வேலை? நான் ஒத்த ஆளு. டூட்டியும் இல்ல. கேன்டீனும் இல்ல. பொங்கணும்னு தோணுனா ஒரு டம்ளர் அரிசி போடுவேன். பாதி நாளு அதுவும் போடுறதில்ல.

ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை உடுமலைக்குப் போயிருவேன். இப்பவும் அங்கதான். மொதத் தடவ போனப்ப வாசல் கேட்டுலயே வந்து நின்னா மீனா. ஆளே மாறிப் போயிட்டா சார். கன்னமெல்லாம் வச்சு, முடியெல்லாம் வளந்து. எனக்கு மொதல்ல அடையாளமே தெரியல. எம்புட்டு எடை கூடியிருக்கும்னுதான் மனசு போச்சு. அவ சொன்னா, மெதுவாத்தான் சொன்னா, சண்டையெல்லாம் இல்ல.

"நீங்க தாராளமா வாங்கப்பா. எப்ப வேணா வாங்க. சாப்புட்டுப் போங்க. ஆனா நான் சாப்புடுறப்ப மட்டும் நீங்க அந்த ரூமுல இருக்கக் கூடாது."

"ஏந்தாயி? அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல வேணாம்ப்பா. நீங்க இருந்தா எனக்குத் தொண்டையில எறங்காது."

என்ன பேச்சு பாருங்க. பெத்தவன் மொகத்தப் பாத்தா சோறு எறங்காதா? மச்சான் முன்னாடி, அவரு சம்சாரம் முன்னாடி எனக்கு எப்படி இருந்திருக்கும்? வெளிய கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டாங்க. உக்காந்தேன். அவங்க எல்லாம் உள்ள உக்காந்து சாப்புட்டாங்க. முடிச்ச பெறகு இந்திராணி வந்து, வாங்க, இலை போட்டாச்சுன்னு கூப்புட்டா. இப்பவும் அதே வழக்கம்தான். ஒரு வருசமாவது ஆச்சு, மாத்திக்கிட்டாங்களா? இல்ல.

பழனி தாண்டிட்டோம்ல? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். நீங்க பொள்ளாச்சிதான? தூங்கிட்டுப் போங்க அப்புறம்.

ஒண்ணு சொல்லவா. மச்சான் கேட்டாரு, ஏன் மாப்ள, அடுத்த பஸ்ஸுல வந்தா நாங்க சாப்புட்டு முடிச்சிருப்போம், நேரா உள்ள வந்துறலாம், எதுக்கு வெயில்ல உக்காந்திருக்கீங்கன்னு. நியாயந்தான். அந்த பஸ் கூட்டமும் கம்மி, உக்கார எடமும் கெடைக்கும். ஆனா நான் இந்த பஸ்ஸுலதான் வருவேன் சார். இது கரெக்டா அவங்க உக்கார்ற நேரத்துக்குக் கொண்டு போயி விட்டுரும்.

அந்த சேர்ல உக்காந்தா உள்ள பேசுறதெல்லாம் கேக்கும். தட்டு வைக்கிற சத்தம், கரண்டிச் சத்தம். மீனா கொரலு தனியாத் தெரியும். இன்னும் கொஞ்சம் வையி அத்தைங்கும். கொழம்புக்கு ஒருக்காக் கேக்கும், ரசத்துக்கு ஒருக்காக் கேக்கும், மோருக்கும் சோறு வாங்கும். இப்படித் தின்னா இது எங்கருந்து ஓடப் போகுதுன்னு நெனப்பேன். அம்புட்டும் வீணாப் போச்சேன்னு இருக்கும். ஆனா போன வாரம் அவ மோருக்கு சோறு கேக்கல. ஏன்னு தெரியல. கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கேன், சத்தத்தக் காணோம். எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போயிட்டேன் சார். போகக் கூடாதுன்னு தெரியும். ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு ஒரு மாதிரி பதறிருச்சு. அப்புறம்தான், அப்பளம் இருக்கா அத்தைன்னா. திரும்பி வந்து உக்காந்துக்கிட்டேன்.

இந்தா, உடுமலை பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. கால கொஞ்சம் ஒதுக்குங்க சார். சீக்கிரம் எறங்கணும், இந்நேரம் உள்ள தட்டு வச்சிருப்பாங்க.